தாமசம் எங்கே?

மீனு போன வாரம் அழைத்தாள். நான் முன்பு இருந்த டேட்டாபேஸ் குழுவில் புதிதாக நாலைந்து பேர் சேர்ந்திருக்கிறார்களாம். "சேச்சி, அவங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்க. நீங்க பேசுற மாதிரியே இருக்கணும்" என்றாள். நான் பேசுகிற மாதிரி எழுதினால் இந்த மழை போய் அடுத்த மழை வந்துவிடும் என்றேன். "வரட்டும் சேச்சி, இங்க ஏசிக்குள்ள எந்த மழையும் தெரியாது" என்றாள்.

என் பால்கனிக்கு எதிரே, நெடுஞ்சாலைக்கு அப்பால், நீங்கள் உட்கார்ந்திருக்கும் கண்ணாடிக் கட்டடம் தெரிகிறது. தெரிகிறது என்று எழுதி முடிப்பதற்குள் மழை அதை அழித்துவிடுகிறது. கொஞ்சம் பொறுத்தால் திரும்ப வரைந்து கொடுக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு என் நாளில் பாதி இப்படிப் பார்த்துக்கொண்டே போகிறது. அந்தக் கட்டடத்துக்குள் இருந்த காலத்திலும் நான் அதிகம் செய்தது இதைத்தான். பார்த்துக்கொண்டிருப்பது.

நான் முறையாகப் படித்து இந்த வேலைக்கு வந்தவள் இல்லை. அப்பா தென்காசியிலிருந்து மலை தாண்டி இந்த மலையாள ஊருக்கு, சாலை பஜாரில் ஓட்டல் வேலைக்கு வந்தார். நான் டைப்ரைட்டிங் படித்துவிட்டு டேட்டா என்ட்ரிக்கு வந்தேன். நான் அடிக்கும் எண்களெல்லாம் எங்கே போய்ப் படுத்துக்கொள்கின்றன என்று எட்டிப் பார்க்கப் போய், டேட்டாபேஸ்காரி ஆகிவிட்டேன். எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததில் பாதி, போகிற வருகிற ஆட்கள் வாயிலிருந்து உதிர்ந்ததுதான். கிழக்கே கோட்டையிலிருந்து கழக்கூட்டம் வரும் பஸ்ஸில் ஒருநாள் ஒருவர் கண்டக்டரைத் திட்டினார். தினமும் உன் பஸ் லேட், தினமும் லேட் என்று. கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்: "பஸ் லேட் இல்ல சாரே. ரோடு லேட்."

அதை அன்றைக்கே எடுத்து மனதில் பத்திரப்படுத்திக்கொண்டேன். எப்போது தேவைப்பட்டது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். இண்டெக்ஸ் போடுவது, பேக்கப் எடுப்பது பற்றியெல்லாம் என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும்.

ஒரு லேப் கம்பெனி எங்கள் வாடிக்கையாளராக இருந்தது. மாவட்டம் முழுக்க ரத்தம் சேகரிக்கும் மையங்கள் அதற்கு உண்டு. ரிசல்ட் தாமதமாகும் நோயாளிகளின் பெயர்கள் தனியாகத் தெரிய ஒரு திரை வேண்டும் என்று கேட்டார்கள், செய்து கொடுத்தோம். காலையில் கவுண்டரில் இருக்கும் பெண் அந்தத் திரையைத் திறந்து, உங்களுக்கு இன்னும் வரவில்லை, மதியம் வாருங்கள் என்று சொல்லி அனுப்ப வேண்டும். திரை வந்தது. ஆனால் திறக்கவே மாட்டேன் என்று சுற்றிக்கொண்டு நின்றது. வெறும் வயிற்றோடு வந்தவர்கள் கவுண்டரில் சத்தம் போட்டார்கள்.

"லேட்டானவங்க பேரைக் காட்டுற திரையே லேட்டு" என்று சிரித்தபடிதான் அனில் சார் அன்று காலை என் மேசைக்கு வந்தார். எங்கள் மேனேஜர். மலையாளி, என்னிடம் பேசும்போது மட்டும் எங்கிருந்தாவது தமிழை இழுத்துக்கொண்டு வருவார். சிரிப்பு உதட்டோடு நின்றது. நாலு மணிக்கு லேப் கம்பெனியின் டாக்டர் மேடம் நேரில் வருவதாக இருந்தது. அனில் சார் கையில் ஒரு தாள். டிஸ்க் மெதுவாக இருப்பதே காரணம், ஸ்டோரேஜை மாற்றிவிடப் பரிந்துரைக்கிறோம் என்று அதில் அடித்திருந்தது. கீழே என் பெயர்.

"சேச்சி, ஒரு ஒப்பு மதி" என்றார். ஒரு கையெழுத்துப் போதும் என்று.

அந்த ஒரு கையெழுத்தின் மறுமுனையில் ஜெபமணி இருந்தான். அந்த டிஸ்க்குகள் அடங்கிய ஸ்டோரேஜைப் பார்த்துக்கொண்டது ஒரு சின்ன ஒப்பந்த ஏஜென்ஸி. அதன் ஆளாக எங்கள் கட்டடத்தில் இருந்தவன் அவன். போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் பிறந்த பையன். பையன் என்று சொல்கிறேன், முப்பது தாண்டிவிட்டது. அம்மா இன்னும் மேலே எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், லயத்திலேயே இருந்தார். தோட்டம் பாதி மூடிக் கிடக்க, கூரை ஒழுகியது. இறங்கி வா என்றால் வரமாட்டார். அந்த மழையில் கூரையின் ஒரு பக்கம் உள்ளே விழுந்த பிறகுதான் சரி என்றிருந்தார். அவருக்காக அவன் விதுராவில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு வீடு பேசி வைத்திருந்தான். அந்தத் தாள் டாக்டர் மேடம் கைக்குப் போனால் ஏஜென்ஸி போகும், ஏஜென்ஸி போனால் அவன் வேலை போகும், அந்த வீடும் போகும்.

அதற்காக நான் கையெழுத்து மறுத்தேன் என்று நினைக்காதீர்கள். டிஸ்க் மெதுவென்றால் மெதுதான். பிடித்த ஆள் பார்த்துக்கொள்கிற டிஸ்க் என்பதற்காக அது வேகமாகிவிடாது. "எதை வைத்து டிஸ்க் என்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டேன்.

அனில் சார் மீனுவைக் கூப்பிட்டார். அவள்தான் டிஸ்க் நேரத்தை அளக்கும் வசதியைப் போட்டுவிட்டு, அந்தத் திரைக்காக டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியின், அதாவது குவெரியின், எக்ஸிகியூஷன் பிளானை எடுத்திருந்தாள். புதியவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். டேட்டாபேஸிடம், நீ இந்த வேலையை எப்படிச் செய்தாய் என்று கேட்டால் அது மறைக்காமல் சொல்லும். எந்த டேபிளுக்கு முதலில் போனேன், எத்தனை வரி எடுத்தேன், எத்தனையைத் தூக்கிப் போட்டேன், டிஸ்க் வாசலில் எவ்வளவு நேரம் நின்றேன் என்றெல்லாம். மேலிருந்து படித்தால் முடிவுதான் தெரியும். உள்ளே தள்ளி எழுதியிருக்கும் கடைசி வரிகளில்தான் வேலை தொடங்குகிறது. மலையில் எங்கோ ஊறி, பாறைக்குப் பாறை இறங்கி, கீழே வந்து சேரும் ஓடை மாதிரி. நாம் கீழே நின்றுகொண்டு தண்ணீர் கலங்கியிருக்கிறதே என்கிறோம்.

"மொத்தம் நாலு நிமிஷம்" என்றாள் மீனு. "டிஸ்க்குக்குக் காத்திருந்தது பதினோரு நிமிஷம்."

"கண்டோ?" என்றார் அனில் சார். பார்த்தீர்களா என்று.

"நாலு நிமிஷத்துல முடிஞ்ச வேலை எப்படி மீனு பதினோரு நிமிஷம் காத்திருக்கும்?"

அவள் குனிந்து எண்களை மறுபடி பார்த்தாள். அனில் சார்தான் சொன்னார்: "அத்தனை மோசமான டிஸ்க், சேச்சி."

சிரிக்காமல் இருக்க எனக்குக் கொஞ்சம் பாடுதான். கழக்கூட்டம் சந்திப்பில் பஸ் பத்து நிமிடம் மாட்டிக்கொள்கிறது. உள்ளே அறுபது பேர். ஒவ்வொருவரும் வீட்டுக்குப் போய், பத்து நிமிடம் நின்றேன் என்று சொல்வார்கள். எல்லாவற்றையும் கூட்டினால் பத்து மணி நேரம். அதற்காக பஸ் பத்து மணி நேரம் நின்றதாக ஆகுமா? அந்தக் குவெரியை டேட்டாபேஸ் தனக்குள் இருக்கும் மூன்று வேலையாட்களுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் டிஸ்க் வாசலில் நின்ற நேரத்தைக் கூட்டித்தான் அந்தப் பதினொன்று. இதைச் சொன்னதும் மீனு தலையில் கை வைத்துக்கொண்டாள். "அய்யோ, கூட்டுத்தொகையா இது!"

அனில் சார் லேசான ஆள் இல்லை. "சரி, மூணால வகுத்துக்கோ. அப்பவும் நாலுல கிட்டத்தட்ட முழுசும் டிஸ்க் வாசலிலதானே நிக்குது?"

அதுவும் உண்மைதான். என் பஸ் கதை பாதியில் நின்றுவிட்டது. ஒப்புக்கொண்டேன். பிறகு நானும் மீனுவும் அந்த நேரத்தை, டிஸ்க்கிலிருந்து எடுத்த டேட்டாத் துண்டுகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தோம். ஒவ்வொரு துண்டையும் டிஸ்க் நொடியின் சிறு துணுக்கில் எடுத்துக் கொடுத்திருந்தது. தட்டியதும் கதவைத் திறந்திருக்கிறது. நாம்தான் ஊரில் உள்ள எல்லாக் கதவையும் தட்டிக்கொண்டிருந்தோம்.

"டேட்டா வளர்ந்துபோச்சு. தட்டத்தான் வேணும்" என்றார் அனில் சார். "புது டிஸ்க்னா இன்னும் சீக்கிரம் திறக்கும். தெற்றில்லல்லோ?" தப்பில்லையே என்கிறார்.

தப்பென்று காட்ட இன்னும் எதுவும் கிடைக்கவில்லை என்று சொன்னேன். சாப்பாட்டுக்குப் பிறகு முடிவு சொல்கிறேன் என்றேன். தாளை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். அவர் கழுத்தில் யார் யார் கை இருந்தது என்று எனக்குத் தெரியும். கெட்ட மனிதர் இல்லை. நாலு மணி என்பது நல்ல மனிதர்களையும் ஒரு மாதிரி ஆக்கிவிடும்.

வெளியே மழை கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சம் மேசையில் விழுந்து, நீருக்கடியில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. நான் பிளானைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. முறைத்துப் பார்த்தால் எண்கள் விறைத்துக்கொள்கின்றன. கண்ணைக் கொஞ்சம் தளர்த்தி, அவற்றுக்கு அப்பால் பார்க்கிற மாதிரி இருந்தால், அவை மெல்ல நகரத் தொடங்கும். எங்கே கூட்டம் சேர்கிறது, எங்கே கலைகிறது என்று தெரியும்.

"சேச்சி உறங்கியாச்சு" என்று மீனு யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது.

உறங்கவில்லை. லட்சக்கணக்கான ஆட்கள் ஒரு பெரிய கூடத்துக்குள் நுழைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கூடத்துக்கு ஒரே ஒரு வாசல். வாசலில் ஒரே ஒரு நிபந்தனை: தாமசம் காலியாக இருக்கக் கூடாது. ஆங்கில எழுத்தில் அந்தச் சொல். எல்லாரும் தடையில்லாமல் உள்ளே போனார்கள். உள்ளே போனபின் இன்றைய ரிசல்ட் வராத சில பேரை மட்டும் நிறுத்திக்கொண்டு, மீதிப் பேரை வெளியே அனுப்பிவிட்டது அடுத்த வரி. அத்தனை பேரை எதற்குக் கூப்பிட வேண்டும், எதற்குத் திருப்பி அனுப்ப வேண்டும்? லேட்டானவர்கள் இவ்வளவு பேரா? அங்கேதான் ஏதோ இருந்தது. கை வைக்கப் போனால் மூடுபனி மாதிரி விலகியது. எழுந்து கேண்டீனுக்குப் போய்விட்டேன்.

ஜெபமணி மூலையில் எலுமிச்சை சாதத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உண்ணாமல் உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் சிரித்தான்.

"எக்கா, எங்கம்மா பண்ணின கூத்தக் கேளுங்க."

விதுரா வீட்டின் சொந்தக்கார சேட்டன் காலையில் இவனை அழைத்திருக்கிறார். இவன் சர்வர் அறைக்குள் இருந்திருக்கிறான். அவர் அம்மாவை அழைத்திருக்கிறார். மேலே எஸ்டேட்டில் ஒரு வளைவில் போய் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும், அதுவும் விட்டு விட்டு.

"அவரு மலையாளத்துல என்னென்னமோ கேட்டிருக்காரு. அம்மாவுக்கு ஒரு வார்த்ததான் காதுல விழுந்திருக்கு. 'தாமசம் உண்டோ'ன்னு. வரதுக்கு லேட்டாகுமான்னு கேக்குறாருன்னு நெனச்சு, எங்கம்மா படு மரியாதையா, 'தாமசமெல்லாம் ஒண்ணும் இல்லய்யா'ன்னுட்டாங்க. அவரு சரின்னு போன வெச்சிட்டாரு. இப்ப எனக்கு அடிச்சு, 'அம்மை தாமசம் இல்லெந்நு பறஞ்ஞல்லோ, வேற பார்ட்டி நிக்குது, சாயங்காலத்துக்குள்ள சொல்லு'ங்கறாரு. குடி வருவீங்களான்னு அவரு கேட்டிருக்காரு, எக்கா. எங்கம்மா வீட்டையே வேண்டாம்னுட்டாங்க!"

நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். பிறகு சாதத்தைக் கிளறினான்.

"நீ திருத்திச் சொல்லலையா?"

"சொல்லத்தான் போன எடுத்தேன். நாலு மணிக்கு மீட்டிங்குன்னாங்க. டிஸ்க்தான்னு எழுதுறாங்களாம்ல?" என்றான். "வேல இல்லாம அம்மாவ எறக்கிட்டு வந்து, ரெண்டு மாசத்துல திரும்ப மேல ஏத்தினேன்னா, அப்புறம் அவங்க எறங்கவே மாட்டாங்க. அந்தக் கூரைக்குக் கீழயே கெடப்பாங்க. அவங்க வாயில 'இல்ல'ன்னு வந்ததும் ஒருவேள நல்லதுக்குத்தானோ என்னமோ." கொஞ்சம் நிறுத்தி, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்: "நெசமாவே டிஸ்க்தானாக்கா? அப்படின்னா சொல்லிருங்க. நான் சண்ட போட மாட்டேன்."

"இன்னும் தெரியல, ஜெபா" என்றேன். அதைவிட இனிப்பாக எதுவும் சொல்ல எனக்கு அப்போது உரிமை இல்லை.

கை கழுவப் போனேன். குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். அம்மா ஒன்றாகக் கேட்டிருக்கிறார், வீட்டுக்காரர் வேறொன்றைக் கேட்டிருக்கிறார். ஒரே சொல், ஒரே போன். நம்மில் தமிழ் பேசுகிறவர்களுக்குத் தாமசம் என்றால் லேட். மலையாளத்தில் லேட் என்றும் பொருள். அதைவிட அதிகமாக, ஒருவர் குடியிருக்கும் இடம். எங்கே தாமசம் என்று கேட்டால் வீடு எங்கே என்று அர்த்தம். இந்த ஊரில் முப்பது வருஷமாக ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். கூடத்தின் வாசலில் அந்தச் சொல்லைக் காலையிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "சேச்சி, டேங்க் தீரும்" என்று யாரோ பின்னால் சொன்னார்கள்.

நேராக சங்கரின் மேசைக்குப் போனேன். அந்தத் திரையை எழுதியவன் அவன். அம்பாசமுத்திரம் பக்கம்; சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன; மலையாளம் படிக்கத் தெரியாது, பேசினால் பாதி புரியும். மீனுவையும் கூப்பிட்டேன்.

"சங்கர், தாமசம்னா என்னப்பா?"

"லேட்டு. ஏங்க்கா?"

"மீனு, நீ சொல்லு."

"லேட்டும் ஆகும் சேச்சி. தாமசிக்கிற இடமும் ஆகும். ஏன்..." என்றவள் நிறுத்திக்கொண்டாள். இந்த ஊரிலேயே பிறந்தவள், அவளுக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. அவளே நோயாளிகள் டேபிளைத் திறந்தாள். எப்போதோ வேலையை விட்டுப் போன யாரோ ஒரு மலையாளிதான் அதை முதலில் உருவாக்கியவர். எல்லாத் தலைப்பும் மலையாளச் சொற்கள், ஆங்கில எழுத்தில். பேர். வயஸ். தாமசம். அந்தத் தலைப்பின் கீழே விதுரா, பாலோடு, நெடுமங்காடு, ஆற்றிங்ஙல், விதுரா, வர்க்கலை என்று ஊர்கள் இறங்கிக்கொண்டே போயின, மழையில் பஸ் ஜன்னலில் ஊர்ப் பலகைகள் கடப்பது போல.

வீடு இல்லாத நோயாளி யார்? எல்லாருக்கும் ஒரு தாமசம் உண்டு. ஆகவே எல்லாரும் லேட். அவர்களை எல்லாம் முதலில் ஒரு கூடையில் திரட்டிவிட்டு, பிறகு இன்றைய ஆட்களை அதற்குள் தேடும்படி எழுதியிருந்தான் சங்கர்.

அவன் என் பக்கம் திரும்பினான். "அக்கா... அப்ப என் வேல?"

"இன்னிக்கு யார் வேலையும் போறதா நான் கேள்விப்படல. முதல்ல குவெரிய மாத்து."

தருவதாகச் சொன்ன நேரம் என்று இன்னொரு தலைப்பு ரிசல்ட் டேபிளில் இருந்தது. அந்த நேரம் கடந்தவர்களை மட்டும் எடுக்கும்படி மாற்றினான். இரண்டு தடவை தப்பாக அடித்தான். மூன்றாவதில் ஓடியது. கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிட்டது. மீனு நாற்காலியிலிருந்து குதித்தாள்.

"உட்காரு" என்றேன். "பழசையும் இன்னொரு தடவை ஓட்டு."

"எதுக்கு சேச்சி? இது சூப்பரா வந்தாச்சே!"

"ஓட்டு மோளே."

ஓட்டினாள். பழையதும் காலையைவிடப் பாதி நேரத்தில் வந்தது. இருவரும் என்னைப் பார்த்தார்கள். காலையிலிருந்து அதையே திரும்பத் திரும்ப ஓட்டியதில், எடுத்த துண்டுகளில் பெரும்பங்கு நினைவகத்திலேயே தங்கிவிட்டது. டிஸ்க்கை அதிகம் தொட வேண்டியிருக்கவில்லை. இந்த இடத்தில் எத்தனையோ பேர் வழுக்கி விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். எதையோ மாற்றுவார்கள், மறுபடி ஓட்டுவார்கள், வேகமாக வரும், சரியாகிவிட்டது என்று கிளம்பிவிடுவார்கள். இரண்டாம் தடவை எல்லாமே வேகம்தான், நாம் ஒன்றும் செய்யாவிட்டாலும். ஆகவே நேரத்தை விட்டுவிட்டு, தொட்ட துண்டுகளைப் பார்க்கச் சொன்னேன். பழையது காலையில் தொட்ட அதே மலையைத்தான் தொட்டிருந்தது. புதியது ஒரு கைப்பிடி. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கும் மூச்சு வந்தது.

மூன்றரை மணிக்கு அனில் சார் தாளோடு வந்து நின்றார். "எந்தா சேச்சி, ஒப்பு?"

திரையைக் காட்டினேன். பழையது, புதியது, அந்த நிபந்தனை. அவர் முகம் இறுகியது.

"இது ஆரு எழுதியது?"

சங்கர் எனக்குப் பின்னால்தான் நின்றிருந்தான். இதற்காகத்தான் இந்தக் கதையையே எழுதுகிறேன். ஒரு தலையைக் காப்பாற்றிவிட்ட சந்தோஷத்தில் அந்தக் கத்தியைப் பக்கத்துத் தலைக்கு நகர்த்திவிடுவது மிகச் சுலபம். கேட்ட கேள்விக்கு உண்மையான பதில்தானே, யாரும் குறை சொல்ல முடியாது.

"அதை அப்புறம் பாக்கலாம் சார்" என்றேன். "நீங்க முதல்ல ஒரு தடவை படிச்சுப் பாருங்க. தப்பாத் தெரியுதா?"

அவர் குனிந்து படித்தார். உதடு அசைந்தது. தாமசம் காலியல்ல. இன்னொரு தடவை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மழை கண்ணாடியில் இல்லை; இருந்தாலும் துடைத்தார்.

"இது ஞான் தன்னே அப்ரூவ் செய்தது, சேச்சி" என்றார் மெதுவாக. நானேதான் இதை அங்கீகரித்தேன் என்று. "படிச்சேன். தாமசம், லேட்டு, சரின்னு விட்டேன். என் வீட்டு விலாசத்தை நானே லேட்டுன்னு படிச்சிருக்கேன், பார்." பிறகு சங்கரின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். "எடா, நாளைக்கு முதல் மலையாளம் படி. நான் தமிழ் படிக்கிறேன்."

அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மீட்டிங்குக்குப் போனார். நானும் போனேன். டாக்டர் மேடம் முழுவதையும் கேட்டார். டிஸ்க் ஒழுங்காக வேலை செய்கிறது, பிழை எங்கள் பக்கம், ஒரு சொல்லை நாங்கள் எல்லாரும் ஒரே மாதிரி தப்பாகப் படித்துவிட்டோம் என்று அனில் சாரே சொன்னார். அவர் 'நாங்கள்' என்று சொன்னதைக் கவனித்தேன்.

மேடம் கேட்டார்: "அப்படீன்னா அந்தத் திரையில இத்தனை நாள் வந்த பேரெல்லாம்?"

"ரிசல்ட் இன்னும் வராதவங்க, மேடம். லேட்டானவங்க அதுல கொஞ்சம் பேர்தான்."

"என் லேப் பிள்ளைகளை நான் தினமும் காலைல திட்டிட்டு வரேனே!" என்றார் அவர். நெற்றியில் கை வைத்துக்கொண்டார், பிறகு அடக்க முடியாமல் சிரித்தார். ஸ்டோரேஜ் இப்போது இருக்கும் ஏஜென்ஸியிடமே இருக்கட்டும் என்பதை எழுந்து போகும்போது, குடையைத் தேடிக்கொண்டே, ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனார். ஒருவனுடைய வாழ்க்கை அந்த வரிக்குள் இருந்தது அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

ஜெபமணி வராந்தாவில் சுவரில் சாய்ந்து நின்றான். நான் தலையை ஆட்டினேன், அவ்வளவுதான். அவன் போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான். கிழக்கே மலைப்பக்கம் மேகம் கொஞ்சம் விலகியிருந்தது. அவன் சொன்னது எனக்கு இப்போதும் அப்படியே கேட்கிறது:

"சேட்டா, தாமசம் உண்டு. தாமசியாதெ வராம்."

குடியிருக்க வருகிறோம், சீக்கிரமே வருகிறோம் என்று. ஒரே சொல்லை இரண்டு அர்த்தத்திலும் ஒரே மூச்சில் சரியாகச் சொல்லி முடித்துவிட்டான்.

உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது அதிகம் இல்லை. பெரிய எண்ணைப் பார்த்தால் அது ஒருவருடையதா, பலருடையதைக் கூட்டியதா என்று கேளுங்கள். ஒரு வரியில் நேரம் அதிகம் ஆகிறதென்றால் அந்த வரிதான் குற்றவாளி என்று எழுதிவிடாதீர்கள். அங்கே அத்தனை பேரை யார் அனுப்பினார் என்று உள்ளே இறங்கிப் பாருங்கள். நேரம் எங்கே செலவானது என்பதைத்தான் இயந்திரம் சொல்லும். தாமதம் குடியிருக்கும் வீட்டை நாம்தான் தேடிப் போக வேண்டும். கண்டுபிடித்த பின், வாசலில் நிற்கும் ஆளைச் சட்டையைப் பிடித்து இழுக்காதீர்கள். அவனும் யாரோ சொன்ன விலாசத்துக்கு வந்தவனாக இருப்பான்.

சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை விதுராவுக்குப் போனேன். நெடுமங்காடு தாண்டியதும் பஸ் மேகத்துக்குள் நுழைந்தது. ரப்பர் மரங்கள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தன. கண் சொக்கிவிட்டது. விழித்தபோது பஸ் ஸ்டாண்டில் ஜெபமணி குடையோடு நின்றான். "லேட்டாயிருச்சேக்கா" என்றான். "பஸ் லேட் இல்லப்பா" என்றேன்.

சின்ன வீடு. உறுதியான கூரை. அம்மா சமையலறை வாசலில் நின்றார், இன்னும் அந்த வீட்டுக்கு விருந்தாளி போல. என் கையைப் பிடித்துக்கொண்டார். கை தேயிலைக் கறை போகாமல் கறுத்திருந்தது. இந்த ஊரில் யாரைப் பார்த்தாலும் கேட்கிற மாதிரி, வாயில் வந்தபடி கேட்டேன்:

"தாமசமெல்லாம் எப்படிம்மா இருக்கு?"

ஜெபமணி எனக்குப் பின்னால் மெல்லச் சிரிப்பது கேட்டது. அம்மா அவனைப் பொருட்படுத்தவில்லை. பெருமையோடு உள்ளே திரும்பிக் குழாயைக் காட்டினார்.

"ஒரு தாமசமும் இல்ல தாயி. தொறந்த ஒடனே தண்ணி வருது."